சிறுநீரின் நிறம் மாறினால்: அறிகுறியைப் பார்த்து அடுத்த அடி வைக்க

பினாங்கில் ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்தில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். தினமும் காலையில் என் மேசைக்கு வரிசையாகச் சிறுநீர்ப் புட்டிகள் வரும். நிறம் பார்ப்பேன், சோதனைப் பட்டையை நனைத்துப் பார்ப்பேன், நுண்ணோக்கியில் பார்ப்பேன். புட்டியைக் கொண்டுவந்தவர்களோடு பேசும் வாய்ப்பும் அடிக்கடி கிடைத்தது. பதறிக்கொண்டு ஓடி வந்த பலருக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு வந்தவர்களிடம் காரணம் கேட்டால், ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: "வலி எதுவும் இல்லையே, அதனால்தான் விட்டுவிட்டேன்." அந்தப் பதிலுக்காகவே இதை எழுதுகிறேன். சிறுநீரில் தெரியும் மாற்றங்களில் மிகவும் கவலைப்பட வேண்டிய இரண்டுக்கும், அதாவது வலியில்லாமல் வரும் இரத்தத்துக்கும் அடங்காத நுரைக்கும், வலி என்பதே கிடையாது.

முதலில் சரியாகப் பாருங்கள்

கழிவறைத் தொட்டியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீல வில்லை போட்ட தண்ணீர், மஞ்சள் விளக்கு, தரையில் மிஞ்சிய சோப்பு எல்லாம் கண்ணை ஏமாற்றும். சுத்தமான, நிறமில்லாத கண்ணாடிக் குவளையிலோ பிளாஸ்டிக் குவளையிலோ கொஞ்சம் பிடித்து, பகல் வெளிச்சத்தில், பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் நிறம் பழையபடி மாறியிருக்கலாம். அப்போது அந்தப் படம்தான் உங்களுக்காகப் பேசும்.

அடுத்து, கடந்த இரண்டு நாளில் சாப்பிட்டது, குடித்தது, விழுங்கிய மாத்திரை மூன்றையும் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். காய்ச்சல், முதுகு வலி, எரிச்சல், வீக்கம், கண்ணில் மஞ்சள் ஏதாவது கூட இருக்கிறதா என்றும் பாருங்கள். நிறம் மட்டும் நோயைச் சொல்லிவிடாது. கூட வருவது என்ன என்பதுதான் வழியைக் காட்டும். நம் சித்த மருத்துவர்கள் நீர்க்குறி பார்த்தபோதும் நிறத்தோடு எடை, மணம், நுரை என்று பலவற்றையும் சேர்த்தே பார்த்தார்கள்.

அடர் மஞ்சள்

நம் ஊரில் இதற்கு முதல் காரணம் வெயிலும் வியர்வையும். கட்டட வேலை, பிறை நகரில் தொழிற்சாலை வேலை, மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோகும் வேலை என்று நாள் முழுக்க வெளியில் இருப்பவர்கள் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். காலையில் ஒரு தே தாரிக், மதியம் ஒரு சிராப் ஐஸ், மாலையில் இன்னொரு தே தாரிக். இதில் சீனிதான் அதிகம், தண்ணீர் போதாது.

செய்ய வேண்டியது எளிது. மூன்று நான்கு மணி நேரத்தில் நான்கைந்து குவளை வெறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். (இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லியிருந்தால் இதைச் செய்ய வேண்டாம், நேராக மருத்துவரைக் கேளுங்கள்.) வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டால் விஷயம் முடிந்தது. தண்ணீர் குடித்த பிறகும் நாள் முழுக்க அதே அடர் நிறம் நின்றால், கீழே தேநீர் நிறத்தைப் பற்றிச் சொல்வதைப் படியுங்கள்.

மின்னும் மஞ்சள் நிறம் பற்றி ஒரு வரி போதும்: பி வைட்டமின் மாத்திரை. அதிலுள்ள ரிபோஃபிளேவின் வெளியேறுகிறது. பயமில்லை.

சிவப்பு, இளஞ்சிவப்பு

இங்கே நிதானமாகப் படியுங்கள்.

சிவப்புச் சதையுள்ள டிராகன் பழம் இப்போது எல்லாச் சந்தையிலும் மலிவு. அதன் நிறமி சிலருக்குச் சிறுநீரையும் மலத்தையும் சிவக்க வைக்கும். பீட்ரூட்டும் அப்படித்தான். இரண்டும் தீங்கில்லாதவை, சாப்பிடுவதை நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளில் போய்விடும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்குச் சிறுநீர் ஆரஞ்சு கலந்த சிவப்பாகும். வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறும். அதைக் கண்டு பயந்து காசநோய் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் நோய் மருந்துக்குக் கட்டுப்படாமல் திரும்பி வரலாம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டிய என் தாய்மாமாவுக்குத் தீபாவளி முடிந்த வாரத்தில் ஒரே ஒரு முறை சிவப்பாகப் போனது. முதல் நாள் வீட்டில் டிராகன் பழம் வெட்டியிருந்தார்கள். "பழம்தான்" என்று அவரே முடிவு செய்துவிட்டார். மறுநாள் சிறுநீர் தெளிந்துவிட்டது. என்னிடம்கூடச் சொல்லவில்லை, ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் மருமகன் ஒருவன் இருந்தும் சொல்லவில்லை. ஐந்து மாதம் கழித்துக் கட்டி கட்டியாக இரத்தம் வந்து, சிறுநீர் அடைத்துக்கொண்டு, வயிறு உப்பி, நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். சிறுநீர்ப்பையில் புற்றுநோய். 30 ஆண்டுகளாகச் சிகரெட் பிடித்தவர். சிறுநீர்ப்பைப் புற்றுக்குப் புகைபிடித்தல்தான் முதன்மையான காரணம் என்பது நம் மக்கள் பலருக்கு இன்னும் தெரியவில்லை. நுரையீரலோடு முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். புகையிலுள்ள நச்சுகள் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடிகட்டி, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் தேங்கி நிற்கின்றன.

இந்த வகைக் கட்டி விட்டு விட்டுத்தான் இரத்தம் கசியும். ஒரு நாள் வரும், பிறகு வாரக்கணக்கில் வராது. ஆகவே நின்றுவிட்ட இரத்தத்தையும் பரிசோதிக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதாக இருந்தால் அந்த வரியை வையுங்கள்.

பழமா இரத்தமா என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியுமா? முழுமையாக முடியாது. ஆனால் கிளினிக்கில் இரண்டு நிமிட வேலை. சோதனைப் பட்டையின் இரத்தக் கட்டம் பீட்ரூட்டுக்கும் டிராகன் பழத்துக்கும் நிறம் மாறாது, இரத்தத்துக்கு மாறும். பிறகு நுண்ணோக்கியில் சிவப்பணுக்களை நேராகவே பார்த்துவிடலாம். பட்டை மாறியும் நுண்ணோக்கியில் அணுக்கள் இல்லையென்றால், தசை சிதைந்து வரும் மயோகுளோபினோ, உடைந்த இரத்த அணுவிலிருந்து வரும் ஹீமோகுளோபினோ இருக்கலாம். அது வேறு கதை. அடுத்த பகுதியில் வருகிறது.

சிவப்பு எப்போது வருகிறது என்று கவனித்துச் சொன்னால் மருத்துவருக்கு உதவும். தொடக்கத்தில் மட்டும் வந்து பிறகு தெளிந்தால் சிறுநீர்க் குழாய்ப் பக்கம், கடைசிச் சொட்டுகளில் மட்டும் என்றால் சிறுநீர்ப்பையின் கழுத்து அல்லது புரோஸ்டேட் பக்கம், தொடக்கம் முதல் முடிவு வரை என்றால் சிறுநீர்ப்பை அல்லது சிறுநீரகம் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

விலாவில் தொடங்கித் தொடை இடுக்கு வரை இறங்கி, ஒரு நிலையில் உட்கார முடியாமல் புரட்டி எடுக்கும் வலியோடு இரத்தம் வந்தால் பெரும்பாலும் கல். அதோடு காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் காத்திருக்கவே கூடாது. அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி பெருகுவது சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகும். எரிச்சலோடு இரத்தம் வந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். ஆனால் மருந்து முடிந்த பிறகு இன்னொரு முறை பரிசோதித்து, இரத்தம் போய்விட்டதா என்று உறுதி செய்ய வேண்டும். அந்த இரண்டாவது பரிசோதனையைத்தான் நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினோ ஆஸ்பிரினோ எடுப்பவர்கள் "மருந்தால்தான்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். மருந்து ஏற்கெனவே இருக்கும் புண்ணை வெளிக்காட்டியிருக்கலாம். அவர்களுக்கும் முழுப் பரிசோதனை தேவை. அதே வேளையில் அந்த மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

பினாங்குக்காரர்களுக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெரிங் கொட்டையை உலாமாக, அதாவது பச்சையாகச் சோற்றோடு, சாப்பிடும் பழக்கம் மலாய் நண்பர்களிடமிருந்து நம் வீடுகளுக்கும் வந்திருக்கிறது. அதிலுள்ள ஜெங்கோலிக் அமிலம் சிலருக்குச் சிறுநீரில் ஊசி ஊசியாகப் படிந்துவிடும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் அடிவயிறு பிசையும், சிறுநீர் கலங்கி நாறும், இரத்தம் வரும், அளவு குறையும், சில வேளை சிறுநீரகமே நின்றுவிடும். நேற்று சாப்பிட்டு இன்று ஒன்றும் ஆகவில்லை என்பதால் நாளையும் ஆகாது என்று சொல்ல முடியாது. ஜெரிங் சாப்பிட்ட பிறகு இவற்றில் ஏதாவது வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய், "ஜெரிங் சாப்பிட்டேன்" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். பெத்தாய்க் கொட்டை அப்படியில்லை, அது வெறும் நாற்றம்தான், ஓரிரு நாளில் போய்விடும்.

தேநீர் நிறம், கோலா நிறம்

பால் விடாத தேநீர் போலவோ கோலா போலவோ பழுப்பாகப் போனால் "சூடு பிடித்துவிட்டது" என்று இளநீரும் பார்லித் தண்ணீரும் கொடுத்து இரண்டு நாள் பார்ப்பது நம் வீட்டு வழக்கம். இந்த நிறத்துக்கு அந்த வழக்கம் பொருந்தாது. அன்றே காட்ட வேண்டிய நிறம் இது.

கண்ணைப் பாருங்கள். வெள்ளை விழி மஞ்சளாக இருந்து, மலம் களிமண் போல வெளுத்து, உடம்பு அரித்தால் பித்தநீர் இறங்கும் வழியிலோ ஈரலிலோ கோளாறு. கல்லடைப்பு, ஈரல் அழற்சி, கட்டி எதுவாகவும் இருக்கலாம்.

வெள்ளத்தில் நின்றீர்களா? 2017 நவம்பரில் பினாங்கு மூழ்கியபோது வீட்டுச் சேற்றை வெறுங்காலோடு அள்ளியவர்கள் எத்தனை பேர்! அப்படி நின்ற பிறகு, அல்லது நீர்வீழ்ச்சியில் குளித்த பிறகு, இரண்டு நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் சதையில் கடும் வலி, சிவந்த கண் வந்தால் லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) இருக்கலாம். மலாயில் இதைக் கென்சிங் தீக்குஸ் என்பார்கள், எலியின் சிறுநீர் என்று பொருள். அதில் சிறுநீர் கறுத்து, அளவும் குறைந்தால் நோய் ஈரலையும் சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டது என்று அர்த்தம்.

கடும் உடல் உழைப்பின் மறுநாள் வரும் பழுப்பு நிறத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். தைப்பூசத்துக்குக் கோலாலம்பூர் நகரத்துக் கோயிலிலிருந்து பத்துமலை வரை இரவெல்லாம் நடந்து, 272 படி ஏறிக் காவடி எடுக்கிறோம். இங்கே தண்ணீர்மலையிலும் அப்படித்தான். விரதம், வெயில், தண்ணீர்க் குறைவு, பாரம் எல்லாம் சேர்ந்து தசை சிதையத் தொடங்கினால் மயோகுளோபின் சிறுநீரில் இறங்கிச் சிறுநீரகத்தை அடைத்துவிடும். தொடையும் தோளும் தொட முடியாத அளவுக்கு வலித்து, சிறுநீரும் பழுப்பாகப் போனால் "வேண்டுதல் அலுப்பு" என்று படுத்துவிட வேண்டாம். முருகனுக்குச் செய்த நேர்த்திக்கடன் முடிந்துவிட்டது. இனி உடம்புக்குச் செய்ய வேண்டியது இருக்கிறது. மலேசியாவில் காவடி தூக்கும் இளைஞர்களுக்கு முன்கூட்டியே இதை எடுத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு அவரவர் குழுத் தலைவர்களுக்கு உண்டு என்று நினைக்கிறேன். நீண்ட நேரம் உடற்பயிற்சிக் கூடத்தில் முதல் நாளே அளவு மீறிச் செய்தவர்களுக்கும் இது பொருந்தும்.

ஜி6பிடி என்ற, இரத்த அணுக்களைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்குச் சில மருந்துகளோ அந்துருண்டை வாசனையோ இரத்த அணுக்களை உடைத்துவிடும். அப்போதும் இதே நிறம் வரும், முகம் வெளுக்கும். மலேசியாவில் பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தப் பரிசோதனையைச் செய்கிறார்கள். உங்கள் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் குறைபாடு என்ற குறிப்பு இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். இருந்தால் துணிப் பெட்டியிலிருக்கும் அந்துருண்டையை முதலில் எறியுங்கள்.

குழந்தைகளுக்கு இன்னும் இரண்டு சொல்கிறேன். தொண்டை வலி வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்து, அல்லது சிரங்கு வந்து மூன்று வாரம் கழித்துப் பிள்ளைக்குக் கோலா நிறத்தில் சிறுநீர் வந்து, காலையில் முகமும் கண் இமையும் உப்பியிருந்தால் சிறுநீரக வடிகட்டிகளில் அழற்சி. இரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். அன்றே போங்கள். இரண்டாவது, பிறந்து இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் காமாலை போகாமல், அணையாடையில் சிறுநீர் மஞ்சள் கறையாகப் பிடித்து, மலம் வெளுத்திருந்தால் காலை வெயிலில் காட்டிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். பித்தநாளம் அடைபட்ட குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை இரண்டு மாத வயதுக்குள் நடந்தால்தான் பலன் அதிகம். ஒவ்வொரு வாரமும் கணக்கு. பச்சைக் குழந்தைக்கு முதல் சில நாளில் அணையாடையில் செங்கல் பொடி போன்ற இளஞ்சிவப்புத் தூள் தெரிவது மட்டும் பெரும்பாலும் யூரேட் உப்பு. பால் நன்றாகக் குடிக்கத் தொடங்கியதும் மறையும்.

நுரை

வேகமாக விழும் சிறுநீரில் குமிழி எழுவது இயல்பு. அது சில நொடியில் உடைந்துவிடும். தொட்டியில் சுத்தம் செய்யும் மருந்து மிஞ்சியிருந்தாலும் நுரைக்கும். சந்தேகம் வந்தால் முதலில் வெறும் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீருக்கு நுரை வராமல் சிறுநீருக்கு மட்டும் வந்து, பீர் மேல் நிற்பது போலப் பல நிமிடம் நின்று, தண்ணீர் இழுத்துவிட்ட பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தால், அது நாலைந்து நாள் தொடர்ந்தால், பரிசோதிக்க வேண்டும். புரதம் கசியலாம்.

என் சமூகத்தின் மேல் எனக்கு மிகுந்த கவலை தருவது இந்த அறிகுறிதான். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 சதவிகிதம் பேருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது; இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது அதிகம். 2018 ஆய்வில் நாள்பட்ட சிறுநீரக நோய் 15.48 சதவிகிதம். டயாலிசிஸ் மையத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள், நம் முகங்கள் எத்தனை என்று. அவர்களில் பலருக்குப் பத்து ஆண்டுக்கு முன்பே நுரை வந்திருக்கும். வலிக்கவில்லை, ஆகவே யாரும் கேட்கவில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாதாரணப் பட்டைச் சோதனையில் "புரதம் இல்லை" என்று வந்தாலும் தொடக்க நிலைக் கசிவை அது தவறவிடும். சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேட்டினின் என்ற கழிவுக்கும் உள்ள விகிதத்தைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். 3 மில்லிகிராம் / மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 3 முதல் 30 வரை கசிவு தொடங்கியிருக்கிறது. 30க்கு மேல் போனால் நன்றாகவே கசிகிறது. காய்ச்சலோ கடும் உடற்பயிற்சியோ கிருமித் தொற்றோ இருந்த நாளில் எண் பொய்யாக ஏறும். அதனால் மூன்று மாதத்துக்குள் மறுபடி பார்த்து உறுதி செய்வார்கள். கூடவே இரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பார்கள். இனிப்பு நீரோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் நுரை வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறை இதைச் செய்ய வேண்டும். தொடக்கத்தில் பிடித்தால் அழுத்த மாத்திரைகளில் சில வகையும், இனிப்பு நீர் மாத்திரைகளில் ஒரு வகையும் சிறுநீரகத்தைப் பல ஆண்டு காப்பாற்றித் தரும். "இந்த மாத்திரைகள்தான் கிட்னியைக் கெடுக்கும்" என்று சொல்லி நிறுத்துகிறவர்களைப் பார்த்து மனம் கொதித்திருக்கிறது. கட்டுப்படாத சர்க்கரையும் அழுத்தமும்தான் கெடுக்கின்றன. மருந்துச் சீட்டில்லாமல் மாதக்கணக்கில் விழுங்கும் மூட்டுவலி மாத்திரையும் கெடுக்கும்.

மூலிகைக்கும் இதே எச்சரிக்கை. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் பொடியில் மலேசியப் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். மால் (MAL) என்ற எழுத்துக்களோடு எட்டு இலக்கம் இருக்கும், பாதுகாப்பு ஒட்டியும் இருக்கும். பதிவில்லாத சிலவற்றில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் ஒளிந்திருக்கும். நம் நாட்டு மருந்தில் வரும் ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் அரிஸ்டோலோக்கியா இனம். அந்த இனத்தின் அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்கி, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் கொண்டுவரக்கூடியது. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவர்கள் இரத்த அழுத்தத்துக்கு என்று பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) சாறு குடிக்கவே கூடாது. விடாத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிரையே எடுத்திருக்கிறது.

நுரையோடு காலையில் கண் இமை வீங்கினாலோ, கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்தாலோ வாரக்கணக்கு வேண்டாம், ஓரிரு நாளில் போங்கள். கர்ப்பிணிக்கு 20 வாரத்துக்கு மேல் தலைவலி, கண்ணில் மின்னல், முகம் வீங்குதல், மேல்வயிற்று வலி சேர்ந்தால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். கர்ப்பகாலப் பதிவேடான பிங்க் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எறும்பு மொய்த்தால்

பழைய தலைமுறை இனிப்பு நீரைக் கண்டுபிடித்தது இப்படித்தான். சர்க்கரை கசிகிறது, இரத்தத்தில் சர்க்கரை பாருங்கள். ஒரு விதிவிலக்கு: எம்பாகுளிஃபுளோசின், டாபாகுளிஃபுளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை போவதுதான் அந்த மருந்தின் வேலையே.

கலங்கல், எரிச்சல், நாற்றம்

எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் என்ற உந்துதல், போனால் நாலு சொட்டு, கலங்கல், நாற்றம் என்று வந்தால் கிருமித் தொற்று. பெண்களுக்கு அதிகம். மருந்தகத்தில் கிடைக்கும் பொட்டலத் தூளைக் கரைத்துக் குடித்தால் எரிச்சல் தணியும், கிருமி சாகாது.

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு நான்கு மாதத்தில் மூன்று முறை எரிச்சல் வந்தது. ஒரு கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் புட்டியே கேட்காமல் ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பினார்கள். நான்காவது முறை நான் வற்புறுத்தி வளர்ப்புச் சோதனைக்கு, அதாவது கிருமியை வளர்த்து எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கும் சோதனைக்கு, கொடுக்கவைத்தேன். கொடுத்த மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி அது. அதோடு சர்க்கரை அளவும் எகிறியிருந்தது. அவருக்கு இனிப்பு நீர் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. எனவே மீண்டும் மீண்டும் வந்தால், ஆணுக்கு வந்தால், பிள்ளைக்கு வந்தால், கர்ப்பிணிக்கு வந்தால், "மருந்துக்கு முன் வளர்ப்புச் சோதனைக்கு எடுங்கள்" என்று மரியாதையாக, விடாமல் கேளுங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். தங்கைக்குப் போன மாதம் கொடுத்து மிஞ்சிய மாத்திரையைப் போடாதீர்கள்.

குளிர் காய்ச்சலும் முதுகின் பக்கவாட்டில் வலியும் வாந்தியும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. அன்றே மருத்துவமனை. எரிச்சலும் இரத்தமும் இருந்து கிருமியே இல்லை என்று வந்தால், அப்படி வந்தவர் இளைஞராக இருந்தால், கெட்டமைன் என்ற போதைப்பொருள் பழக்கம் இருக்கிறதா என்று தனியாக, கோபப்படாமல் கேளுங்கள். அது சிறுநீர்ப்பையைச் சுருக்கி அழித்துவிடும், நிறுத்தினால்தான் மீட்பு.

பால் போல வெள்ளையாக வந்தால் நிணநீர் கலந்திருக்கலாம். யானைக்கால் புழுவும் அதற்கு ஒரு காரணம். பச்சையும் நீலமும் பெரும்பாலும் மருந்தாலோ சாயத்தாலோ வருவது. காய்ச்சலும் கூட இருந்தால் காட்டுங்கள்.

வரவே இல்லை என்றால்

நிறத்தைவிட அளவு முக்கியமான நேரங்கள் உண்டு. டெங்கிக் காய்ச்சலில் நான்கு முதல் ஆறு மணி நேரம் சிறுநீரே போகவில்லை என்றால், சிவப்பாகப் போனால், வயிறு வலித்து வாந்தி நிற்காவிட்டால், காய்ச்சல் இறங்கிவிட்டது என்று மகிழாமல் மருத்துவமனைக்குப் போங்கள்; டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். பெரியவருக்கு ஒரு நாளில் 400 மில்லிக்கும் குறைவாகப் போனாலும் காட்ட வேண்டும். வந்துவிட வேண்டும் என்று முட்டியும் ஒரு சொட்டும் வராமல், அடிவயிறு கல்லாக இருந்தால் அவசரம். 999ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எங்கே, எப்படிக் கொடுப்பது

அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். 40 வயதும் அதற்கு மேலும் ஆன, குறைந்த வருமானக் குடும்பத்தவர்களுக்குப் பேக்கா பி40 திட்டத்தில் இலவசச் சோதனை உண்டு. அம்மாவையும் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். மலாய் தடுமாறும் பெரியவர்கள் முகப்பில் சொல்ல இரண்டு சொற்றொடர் போதும்: இரத்தம் என்றால் "கென்சிங் பெர்டாரா", நுரை என்றால் "கென்சிங் பெர்புயி". சிறுநீரகம் "புவா பிங்காங்". வெட்கத்தால் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, காய்ச்சல் மாத்திரையோடு திரும்பிய பாட்டிகளை நான் அறிவேன்.

கிளினிக்கில் கொடுக்கும் கிருமி நீக்கிய புட்டியில்தான் பிடிக்க வேண்டும். கழுவிய ஜாம் புட்டி வேண்டாம். கிளினிக் புட்டியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. கழுவித் துடைத்துக்கொண்டு, முதலில் வருவதைத் தொட்டியில் விட்டு, நடுவில் வருவதைப் புட்டியில் பிடித்து, கடைசியை மறுபடி தொட்டியில் விடுங்கள். புரதம் பார்ப்பதற்குக் காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர் நல்லது. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் முடிந்தால் தள்ளிவைக்கலாம். தள்ள முடியாத நிலையென்றால் தாதியிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இரத்தம் என்று தவறாக எழுதப்படும்.

வீட்டிலிருந்து கொண்டுபோனால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சேர வேண்டும். ஜார்ஜ் டவுன் நெரிசலில் காரின் முன் கண்ணாடிக்கு அடியில் வெயிலில் வைத்துக் கொண்டுவந்த புட்டிகளை எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். வெப்பத்தில் கிருமி பெருகி, அணுக்கள் உடைந்து, முடிவே மாறிவிடும். நேரமாகும் என்றால் இறுக மூடி, பைக்குள் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள், உறைபெட்டியில் அல்ல. மூடியில் எழுதாதீர்கள், மூடி மாறிப்போகும். புட்டியின் உடம்பில் பெயர், தேதி, பிடித்த நேரம் மூன்றையும் எழுதுங்கள். முடிவுத் தாளின் நகலைக் கேட்டு வாங்கி, பழைய தாள்களோடு ஒரே கோப்பில் வையுங்கள். இரத்தம் என்று வந்திருந்தால், அடுத்து எந்தத் தேதியில் யாரிடம் வர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளாமல் நாற்காலியை விட்டு எழாதீர்கள்.